‘ரன்’ என்றால் ஓட்டம் மட்டும்தானா?

கேள்வி: குமுளியில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். தேக்கடி பார்க்க வரும் பிரிட்டன்காரர்கள் நிறையத் தங்குகிறார்கள். எதற்கெடுத்தாலும் ‘ரன்’ போட்டுப் பேசுகிறார்கள். ஒருவர் ‘ஐ ஹேவ் காட் த ரன்ஸ்’ என்றார். கிரிக்கெட் பேச்சு என்று நினைத்து நான் சிரிக்க, அவர் முகம் வாடிவிட்டது. இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொள்வது?

பதில்: அந்த விருந்தினருக்கு வயிற்றுப்போக்கு. ‘த ரன்ஸ்’ என்றால் பேச்சுவழக்கில் அதுதான். அடுத்த முறை யாராவது சொன்னால் காய்ச்சி ஆறிய தண்ணீரும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் கொடுங்கள். ரத்தம் போனாலோ, காய்ச்சலும் சேர்ந்தாலோ டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். அந்தக் காய்ச்சலையும் அவர்கள் ‘ஐம் ரன்னிங் அ டெம்பரேச்சர்’ என்றுதான் சொல்வார்கள். உடம்பு சம்பந்தப்பட்ட இந்த இரண்டையும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மற்றபடி அகராதியை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 600-க்கு மேல் பொருள் பிரித்து வைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் ஒட்டிவரும் சின்னச் சொல்லைக் காதில் வாங்குங்கள். பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

‘அவுட்’ வந்தால் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். உங்களுக்குத் தினமும் தேவைப்படுவது இது. ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது. அதையே ‘நாங்கள்’ என்று ஆரம்பித்தால் நடுவில் ‘ஆஃப்’ வர வேண்டும்: ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. நம் ஆட்கள் பலர் அந்த ‘ஆஃப்’பை விழுங்கிவிடுகிறார்கள்.

‘இன்டு’ வந்தால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ‘ஐ ரேன் இன்டு யுவர் டிரைவர்’ என்று நடந்துபோய் வந்தவர் சொன்னால், உங்கள் டிரைவரை வழியில் தற்செயலாகப் பார்த்தார், அவ்வளவுதான். வண்டி எடுத்துப்போனவர் ‘ஐ ரேன் இன்டு அ வால்’ என்றால் சுவரில் இடித்துவிட்டார். ‘ஓவர்’ வந்து, வண்டியைப் பற்றிய பேச்சாகவும் இருந்தால் எதன்மேலோ ஏற்றிவிட்டார் என்று பொருள். உடனே விசாரியுங்கள்.

‘கேன் ஐ ரன் சம்திங் பை யூ?’ என்றால் தன் திட்டத்தைச் சொல்லி உங்கள் அபிப்பிராயம் கேட்கப்போகிறார். ‘லெட் மீ ரன் த்ரூ த பில்’ என்றால் பில்லை ஒருமுறை முழுக்கப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். உங்கள்மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால் நமக்கும் இது புதுசில்லை. படம் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது, ‘மனசுல என்ன ஓடுது?’ என்றும் கேட்கிறோம். உங்கள் ஊர் ஜீப்காரர்கள் மலையாளத்தில் ‘ஓட்டம்’ என்பார்களே, வாடகைச் சவாரிக்கு, அதுவும் ஆங்கிலத்தில் உண்டு. ‘டூ யூ டூ ஏர்போர்ட் ரன்ஸ்?’ என்று கேட்டால், கொச்சி விமான நிலையத்துக்கு ஓட்டம் போவீர்களா என்று அர்த்தம். இந்த ‘ரன்ஸ்’ வேறு, ‘த’ சேர்ந்துவரும் அந்த ‘ரன்ஸ்’ வேறு. காது பழகிவிட்டால் குழப்பம் வராது.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று ‘ரன் ஆஃப் த மில்’. ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வரும் சரக்கைக் குறித்த பேச்சு, இன்றைக்கு ‘சாதாரணம், சொல்லும்படி ஒன்றுமில்லை’ என்ற பொருளில் வழங்குகிறது. உங்கள் காலை உணவைப் பற்றி ரிவ்யூவில் அப்படி எழுதியிருந்தால் பாராட்டு என்று நினைத்து நன்றி போட்டுவிடாதீர்கள். அது குறைதான்.

‘தே டிட் அ ரன்னர்’ என்றால் காசு கொடுக்காமல் நழுவிவிட்டார்கள். இது பிரிட்டன் கொச்சை. காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் விருந்தினரிடம் விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் பேசுவதற்கு இப்போதைக்கு மூன்று போதும் என்பது என் கருத்து. ‘ஐ ரன் திஸ் ஹோம்ஸ்டே’, ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப்…’, அப்புறம் ‘டின்னர் இஸ் ரன்னிங் லேட்’. கடைசியாகச் சொன்னதோடு எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பசியோடு காத்திருப்பவருக்கு அதுதான் தெரிய வேண்டும்.