டீயும் சாப்பாடுதான்: பித்தநாள ஸ்கேன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எம்ஆர்சிபி பற்றித்தான், அதாவது பித்தநீர் ஓடுகிற குழாயான பித்தநாளத்தை எம்ஆர்ஐ மெஷினில் படம் எடுக்கிற ஸ்கேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஒன்றைத் தவிர.

ஸ்கேனுக்கு எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது? (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

எந்த ஸ்கேனுக்கு? முழங்கால் எம்ஆர்ஐ என்றால் பிரியாணி சாப்பிட்டுவிட்டே வரலாம். டாக்டர் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு எழுதக் கூடாதா? பித்தநாளத்துக்கு என்றால் 4 முதல் 6 மணி நேரம். நான் 6 என்றே சொல்வேன்.

அப்பா விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவர், டீ இல்லாமல் முடியாது. 9 மணிக்கு ஸ்கேன். ஒரே ஒரு டீ குடிக்கலாமா? (காசிமேடு)

கூடாது. இந்த 'ஒரே ஒரு டீ'யோடு எனக்கு ரொம்ப நாள் பகை. எம்ஆர்சிபி படத்தில் தேங்கி நிற்கிற திரவம்தான் வெள்ளையாகத் தெரியும், அதற்காக ஊசியில் மருந்து ஏற்றுவதுகூடப் பெரும்பாலும் இல்லை. பித்தநீரும் திரவம், டீயும் திரவம், மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். இரைப்பையும் முன்சிறுகுடலும் பித்தநாளத்தை ஒட்டியே இருப்பதால் அங்கே நிற்கிற டீ படத்தில் குழாயை மறைத்துவிடும், நாம் தேடுகிற 3 மில்லிமீட்டர் கல் அதில் எங்கே தெரியும்? போதாக்குறைக்கு, பாலில் உள்ள கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கி இருப்பதைக் குடலுக்குள் பீய்ச்சிவிடும். அது நிரம்பி விரிந்திருக்க வேண்டும் என்பதற்குத்தானே இந்தப் பட்டினியே!

"ஒண்ணுமே சாப்பிடல சார்" என்று சத்தியம் செய்வார்கள். படம் வந்தபின் கேட்டால், "டீ மட்டும்தான், அப்புறம் ரெண்டு பொறை." தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு சென்டரில் போனில் "வெறும் வயிற்றில் வாங்க" என்பதோடு முடித்துக்கொள்வார்கள், டீ என்ற வார்த்தையே வராது. எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பாட்டியை அதனால் திருப்பி அனுப்பினோம். அப்பா ஏலத்துக்குக் கிளம்பும் முன் 3 மணிக்கே குடித்துவிடட்டும். அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம்.

பட்டினியோடு சுகர் மாத்திரை போடலாமா? (தண்டையார்பேட்டை)

சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சுகரை ஒரேயடியாக இறக்கிவிடும். எதைத் தள்ளிப் போடுவது என்று மாத்திரை எழுதிய டாக்டரிடம் முந்தின நாளே கேளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். வியர்த்து, கை நடுங்கினால் ஸ்கேன் கெட்டுப்போகுமே என்று பொறுத்துக்கொண்டு உட்காராமல் உடனே சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைப் பொதுவாக ஒரு மிடறு தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம்.

பட்டினி என்றார்கள், அங்கே போனால் அன்னாசி ஜூஸ் கொடுத்தார்களே? (பெரம்பூர்)

அதிலுள்ள மாங்கனீசு வயிற்றுத் திரவத்தைப் படத்தில் கறுப்பாக்கிவிடும், பித்தநாளம் மட்டும் பளிச்சென்று நிற்கும். கொடுத்தால் குடியுங்கள். வீட்டிலிருந்தே குடித்துவிட்டு வராதீர்கள்.

பித்தப்பையை எடுத்தாகிவிட்டது, இனி எதற்குப் பட்டினி? (திருவொற்றியூர்)

பைதான் போனது, வயிறு இருக்கிறதே. உள்ளே போட்ட கிளிப் பெரும்பாலும் டைட்டானியம்தான், பயமில்லை. ஆனாலும் ஆபரேஷன் சீட்டோடு வாருங்கள்.

லேத் பட்டறையில் 20 வருடம். கண்ணில் இரும்புத்தூள் பட்டதைச் சொல்ல வேண்டுமா? (வியாசர்பாடி)

முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். உள்ளே துகள் தங்கியிருந்தால் மெஷினில் உள்ள காந்தம் அதை அசைத்துப் பார்வையையே கெடுக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளையில் கிளிப் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்: மறைக்காதீர்கள். மெஷின் ஓடாதபோதும் காந்தம் காந்தம்தான்.

தாலி, மெட்டி? (ராயபுரம்)

கழற்றத்தான் வேண்டும். மனசு கேட்கவில்லையென்றால் வெறும் மஞ்சள் கயிறு, ஊக்கு இல்லாமல். வெள்ளி அரைஞாணையும் மறக்க வேண்டாம்.

அம்மாவுக்கு 70 வயது, 20 நொடி மூச்சடக்க முடியாதே? (வண்ணாரப்பேட்டை)

வீட்டில் இரண்டு நாள் பழகச் சொல்லுங்கள். முடியாவிட்டாலும் மூச்சின் ஓட்டத்தைப் பார்த்துப் படம் எடுக்க வழி உண்டு, கொஞ்சம் நேரம் கூடும். அவர் சீராக மூச்சு விட்டால் போதும், நடுவில் பேசக் கூடாது.