காலையில் கார் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சீக்கிரம் நீக்குவது எப்படி? வெந்நீர் ஊற்றலாமா? சுரண்டிவிட்டு ஏறினால் உள்பக்கம் மங்குகிறதே, ஏன்?

வெந்நீர் வேண்டாம். கண்ணாடியில் எங்காவது கல் தெறித்த சிறு புள்ளி இருந்தாலே போதும், அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். விரிசல் விடாவிட்டாலும் ஊற்றிய தண்ணீர் வைப்பருக்கு அடியிலும் நீங்கள் நிற்கும் தரையிலும் மறுபடி உறையும். "பல வருஷமா ஊத்துறேன், ஒண்ணும் ஆகல" என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

நான் எழுத உட்கார்ந்தது "சீக்கிரம்" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லுக்காக. நீங்களும் குறித்த நேரத்துக்கு வேலையில் நிற்க வேண்டியவர் என்று நினைக்கிறேன்.

குளிர் நாட்டுக்கு வந்து எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். எட்டரைக்கு வேலை. தெருவில் நிறுத்தியிருந்த காரின் கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. சுரண்டி கையில் இல்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை வைத்து என் முகத்துக்கு நேராக ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மட்டும் சுரண்டினேன். விரல் மரத்துவிட்டது. கூட வரும் நண்பர், "அண்ணே, நேரமாச்சு, போகப் போகச் சரியாயிடும், ஏறுங்க" என்றார். ஏறிவிட்டேன்.

கார் சீக்கிரம் சூடாகட்டும் என்று வெளிக்காற்றை அடைத்து, உள்காற்றையே சுற்றவிட்டிருந்தேன். இரண்டு பேர் மூச்சு, காலணியில் ஒட்டிவந்த பனி, எல்லா ஈரமும் உள்ளேயே சுற்றியது. அந்தத் தட்டு அளவு இடமும் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்தது. கையுறையால் துடைத்தேன். இரண்டாவது திருப்பத்தில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணாடி மொத்தமும் வெள்ளைத் திரை மாதிரி ஆகிவிட்டது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோது, துடைத்த இடத்தில் ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லாய் தெரிந்தது.

வயதானவர். சாலையைக் கடந்துகொண்டிருந்திருக்கிறார். தடுமாறி பானெட்டில் கையை ஊன்றி நின்றார். திட்டவில்லை, என்னைப் பார்த்தார், மெதுவாக நடந்து போய்விட்டார். வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். பானெட்டில் படிந்திருந்த உறைபனியில் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன. கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் இழுபட்டிருந்தது, சறுக்கியிருக்கிறார். இன்ஜின் சூட்டில் அது கரையும்வரை எனக்கு வண்டியைத் தொட முடியவில்லை.

அன்று பதினைந்து நிமிடம் தாமதம். அரை மணி நேரச் சம்பளம் போயிற்று. ஐந்து நிமிடம் பிந்தினாலும் அரை மணி பிடிப்பார்கள், அதுதான் அங்கே வழக்கம். நேரம் குறிக்கும் மேற்பார்வையாளரின் கார் கூரைக்கு அடியில் நிற்கும், அவர் ஒருநாளும் பனி சுரண்டியவர் இல்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனால் அந்த அரை மணிக்குப் பயந்துதானே தட்டு அளவோடு நிறுத்திவிட்டு ஓடினேன். எத்தனை பேர் தினமும் அப்படி ஓடுகிறார்களோ.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளியே பனி, உள்ளே குளிர்ந்த கண்ணாடியில் படியும் ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு. ஏறியவுடன் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள், ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். குளிரில் ஏசியா என்று என் வீட்டிலும் கேட்டார்கள். ஏசியின் குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து வெளியேறிவிடும். காய்ந்த காற்று ஹீட்டரில் சூடாகிக் கண்ணாடிக்கு வரும். கடுங்குளிரில் பல கார்களில் ஏசியின் கம்ப்ரசர் ஓடாது. அதனால் நஷ்டமில்லை, வெளிக்காற்றே அப்போது வறண்டிருக்கும். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 5 கிராம் நீராவிகூடத் தாங்காது, 20 டிகிரியில் 17 கிராம் வரை தாங்கும். அந்தக் குளிர்காற்றைச் சூடாக்கி உள்ளே விட்டால் கண்ணாடியின் ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். உள்பக்கம் எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் சீக்கிரம் மங்கும், அவ்வப்போது துடைத்துவிடுங்கள். துடைத்தும் துடைத்தும் பிசுபிசுப்பாக மங்கி, இனிப்பு வாசனையும் வந்தால் ஹீட்டரிலிருந்து கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய விஷயம் அது.

ஹீட்டர் ஓடும் அந்த ஐந்தாறு நிமிடத்தில் வெளியே பிளாஸ்டிக் சுரண்டியால் எல்லாக் கண்ணாடிகளையும் சுரண்டுங்கள். உலோகம் வேண்டாம், கீறல் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து தெளித்தால் மெல்லிய பனி உடனே இளகும். கூரைமேல் இருக்கும் பனியையும் தள்ளிவிடுங்கள், பிரேக் போடும்போது மொத்தமாக முன்கண்ணாடியில் சரியும். வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிடுவது எரிபொருள் வீண் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், சில இடங்களில் அதற்கு அபராதமும் உண்டு. அங்கே இன்ஜினைப் போடாமலே சுரண்டி முடியுங்கள். மூடிய கராஜுக்குள் மட்டும் எங்கேயும் ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

சீக்கிரம் வேண்டுமென்றால் வேலையை முந்தின நாள் மாலையே தொடங்க வேண்டும். மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். அதனால்தான் வெளியில் 2, 3 டிகிரி இருக்கும்போதும் உறைபனி பிடிக்கிறது. ஒரு விரிப்பால் முன்கண்ணாடியை மூடி, ஓரங்களைக் கதவிடுக்கில் செருகிவிடுங்கள். வைப்பர் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் காலையில் ஒட்டியிருக்கும் வைப்பர் இழுபட்டு ரப்பர் கிழியும். நான் இப்போது கூட வருகிறவரிடமும் ஒரு சுரண்டியைக் கொடுத்துவிடுகிறேன்.