பழைய ஃபோர்க்லிஃப்ட்: ஆயில் மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறையில் அரிசி, பருப்பு, வெங்காயம் மொத்த வியாபாரம் செய்கிறோம். கிடங்கில் இரண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓடுகின்றன. ஒன்று 2.5 டன் டீசல் வண்டி, ஜப்பானிலிருந்து ரீகோனாக (பழையதைப் புதுப்பித்து) வந்தது. மற்றது பேட்டரி வண்டி. டீசல் வண்டி இந்த ஆண்டு அடிக்கடி நின்றுவிடுகிறது. ஒரு தடவை ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து எண்ணெய் கொட்டியதில் அரிசி மூட்டைகள் பாழாயின. எஞ்சின் ஆயிலை நேரம் தவறாமல்தான் மாற்றுகிறோம். "வண்டி பழசு, வேற வாங்கிடுங்க" என்கிறார் மெக்கானிக். ஒரு நிறுவனம் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போடலாம் என்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பிறை

பதில்: வயதை மட்டும் பார்த்து வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது மாஸ்ட் பக்கம், அதாவது சுமை தாங்கும் இரும்புக் கைகளான ஃபோர்க்கைச் சங்கிலியால் ஏற்றி இறக்கும் முன்தூண். எஞ்சின் பழுதானால் வண்டி நிற்கும், லோரி காத்திருக்கும். சங்கிலியோ ஃபோர்க்கோ முறிந்தால் சுமை ஆள் மேல் விழும். பல கிடங்குகளில் பணமெல்லாம் எஞ்சினுக்கே போகிறது. மாஸ்டை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

சங்கிலி தேயத் தேய நீளும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அளக்க வேண்டும். உருளை மீது அதிகம் ஏறி இறங்கும் பகுதியில் அளவெடுக்கச் சொல்லுங்கள். புதிதில் 300 மில்லிமீட்டர் இருந்த கண்ணிகள் இப்போது 309 காட்டினால், அதாவது 3 சதவீதம் நீண்டிருந்தால், மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது இரண்டு சங்கிலியையும் சேர்த்து மாற்றுங்கள். நட்டை முறுக்கி மட்டத்தைச் சரிசெய்துவிட்டு, "ஓகே" என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. ஃபோர்க்கின் உயரம் சரியாகும், சங்கிலிக்குள் இருக்கும் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். பிறையின் கடல் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். மேலே கிரீஸை அப்பினால் அது தகடுகளுக்குள் இறங்காது. உள்ளே ஊறக்கூடிய மெல்லிய எண்ணெய்தான் வேண்டும்.

ஃபோர்க் தேய்வது வளைகிற இடத்தில். தேயாத நிமிர்ந்த பகுதியின் தடிப்பை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் 36 ஆகியிருந்தால், அந்தப் பத்து சதவீதத் தேய்மானத்தால் தாங்கும் திறன் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருக்கும். அப்போது உங்கள் 2.5 டன் ஃபோர்க்கை 2 டன் என்றுதான் எண்ண வேண்டும். அந்த நிலைக்கு வந்ததை மாற்றிவிடுங்கள். விரிசலை வெல்டிங் வைத்து மூட யாரையும் விடாதீர்கள்.

ஹோஸ் வெடிக்கும்வரை காத்திருந்து மாற்றுவது வீண் செலவு. பெரும்பாலான ஹோஸ்களின் மேலேயே தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். வெடித்ததோடு சேர்ந்து பொருத்தியவை எல்லாம் அதே வயதுதான், அடுத்தது எது என்று காத்திருக்க வேண்டாம். கசிவைத் தேடும்போது கையால் தடவக் கூடாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது அவசர அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

உங்கள் கிடங்கில் வெங்காயத் தோலும் சணல் நூலும் பறக்கும். தோல் ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைச் சூடாக்கும், நூல் அச்சைச் சுற்றி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் 'சீல்' வளையத்தை அறுக்கும். வாரம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்தாலே டீசல் வண்டி நிற்பது குறையலாம். பேட்டரி வண்டிக்கு, சார்ஜ் முடிந்த பிறகு காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அந்த இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும்.

ஒப்பந்தம் போடலாம், ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். "சர்வீஸ்" என்று மட்டும் இருந்தால் ஆயிலும் ஃபில்டரும்தான் கிடைக்கும். சங்கிலி, ஃபோர்க் அளவுகளை ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுப்பார்களா, உதிரிப் பாகம் விலையில் அடங்குமா, வண்டி நின்றால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், மாற்று வண்டி தருவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சர்வீஸை மாதக் கணக்கில் வைக்காமல், வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரின் கணக்கில் வையுங்கள். பல டீசல் வண்டிகளுக்கு எஞ்சின் ஆயில் 250 மணிக்கு ஒருமுறை. உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

இதில் மலேசியச் சட்டமும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தொழிலுக்கு வாங்கும் இயந்திரத்துக்குப் பொருந்தாது; பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் நீங்கள் போக முடியாது. அதனால் கையெழுத்திட்ட தாளே உங்களுக்குப் பாதுகாப்பு. அதே நேரம், வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையாட்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொதுக் கடமையில் முதலாளி தவறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

மாஸ்ட் வளைந்திருந்தாலோ, வண்டியின் சட்டகத்தில் விரிசல் கண்டிருந்தாலோ, உதிரிப் பாகம் கிடைப்பது நின்றுவிட்டாலோ விற்றுவிடுங்கள். மீண்டும் ரீகோன் வாங்கினால் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், அது காட்டும் எண்ணைக் குறைத்து வைத்துவிட முடியும். பிரேக் பெடலின் ரப்பரையும் இருக்கையையும் ஃபோர்க்கின் வளைவையும் பாருங்கள். மீட்டர் குறைவாகக் காட்டி இவை தேய்ந்திருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.