தூரத்தில் இருக்கும் ரிக்: முதலில் அணைக்கும் வழி

கேள்வி: என் ஹாம் ரேடியோ ரிக்கும் (அலைகளை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி) ஆன்டெனாவும் பெற்றோர் வீட்டில் இருக்கின்றன. வேலைக்காக நான் தனியே ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன்; இங்கே ஒரு கம்பி கட்டக்கூட இடமில்லை. அங்கே 100 வாட் எச்எஃப் (சிற்றலை) ரிக், யுஎஸ்பி கேபிளில் இணைத்த பழைய லேப்டாப், மாடியில் ஒரு டைபோல் ஆன்டெனா. இங்கிருந்தே அதை இயக்க, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைய அழைப்பை உள்ளேயுள்ள கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்து பார்த்தேன். அந்த வீட்டு வைஃபையில் இருக்கும்போது எல்லாம் ஓடுகிறது. வெளியிலிருந்து தொட முடியவில்லை. ஒரு ரிமோட் டெஸ்க்டாப் செயலி வழியாகப் போனால் திரை வருகிறது, ஆனால் குரல் ஒரு விநாடி பிந்துகிறது. போன வாரம் 20 மீட்டர் பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) இருந்தபோது ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே நின்றுவிட்டது. அப்பாவுக்குப் போன் போட்டு சுவிட்சை அணைக்கச் சொன்னேன். இதைச் சரியாக அமைப்பது எப்படி?

பதில்: நீங்கள் கடைசியில் சொன்னதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து தொட முடியாததும் குரல் பிந்துவதும் தொந்தரவுகள், அவ்வளவுதான். டிரான்ஸ்மிட்டில் நின்றுபோன ரிக் அப்படியல்ல. எஸ்எஸ்பியில் (குரலில் பேசும் முறை) குரல் போகாதவரை பெரிதாக எதுவும் வெளியே போகாது. ஆனால் எஃப்டி8 (கம்ப்யூட்டர் ஒலியால் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) ஓடிக்கொண்டிருந்தால் ரிக் தன் சக்தி முழுவதையும் தொடர்ந்து கொட்டிக்கொண்டிருக்கும்: அடுத்தவர்கள் பேசும் இடமும் கெடும், ரிக்கின் இறுதி டிரான்சிஸ்டர்களும் சூட்டில் போகலாம். அப்பா வீட்டில் இருந்ததால் தப்பித்தீர்கள். ஆகவே டிரான்ஸ்மிட் செய்யும் வழியை அமைப்பதற்கு முன்பே அதை நிறுத்தும் வழியை அமைத்துவிடுங்கள்.

உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். கம்ப்யூட்டர் ரிக்கிடம் யுஎஸ்பி வழியாக "டிரான்ஸ்மிட் ஆகு" என்று ஒரு கட்டளை அனுப்புகிறது. பேசி முடித்ததும் "நிறுத்து" என்று இன்னொன்று. இடையில் 100 வாட் ஆன்டெனாவுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி, ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பரப்பு வழியாகத் திரும்பி அறைக்குள் வந்து, யுஎஸ்பி கேபிளில் ஏறிக்கொள்கிறது. ரிக்குக்குள் இருக்கும் யுஎஸ்பி சிப் ஒரு கணம் தடுமாறி இணைப்பை விட்டுவிடுகிறது. லேப்டாப்பில் அந்த போர்ட் காணாமல் போகிறது. "நிறுத்து" என்ற கட்டளை போய்ச் சேர இடமில்லை. கடைசியாக வந்த கட்டளையைப் பிடித்துக்கொண்டு ரிக் நிற்கிறது. அறையில் உட்கார்ந்து இயக்கும்போது இது நடந்தால் கையை நீட்டி அணைத்துவிடுவோம், இரண்டு நிமிடத்தில் மறந்தும் போவோம். தூரத்திலிருந்து இயக்கும்போதுதான் இது உறைக்கிறது.

இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை. நீண்ட யுஎஸ்பி கேபிளை எடுத்துவிட்டு ஒரு மீட்டருக்குள் நல்ல உறையுள்ள கேபிள் போடுங்கள். அதை ஒரு ஃபெரைட் (ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப்பொருள்) வளையத்துக்குள் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். எச்எஃப்புக்கு 31ஆம் எண் ஃபெரைட் கலவை ஏற்றது. ஒரு முறை மாட்டிவிடும் கிளிப் ஃபெரைட் பெரும்பாலும் போதாது. தடுக்கும் திறன் சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறுகிறது, இரண்டு சுற்றுக்கு நான்கு மடங்கு, ஐந்து சுற்றுக்கு இருபத்தைந்து மடங்கு. டைபோலின் நடுவில், கோஆக்ஸ் சேரும் இடத்தில், 1:1 கரண்ட் பாலுன் (கோஆக்ஸின் வெளிப்பரப்பில் மின்னோட்டம் திரும்பாமல் தடுக்கும் கருவி) இல்லையென்றால் அதையும் போடுங்கள். நோய் தொடங்கும் இடம் அங்கேதான். இந்தக் கோளாறு எல்லா பேண்டிலும் வராது. கேபிளின் நீளமும் அலைநீளமும் ஒத்துப்போகும் பேண்டில் மட்டும் தலைகாட்டும். உங்களுக்கு 20 மீட்டரில் வந்தது அதனால் இருக்கலாம். அடுத்த முறை அங்கே போகும்போது ஒவ்வொரு பேண்டிலும் 5 வாட், 20, 50, 100 என்று ஏற்றிக்கொண்டே போய், லேப்டாப்பின் சாதனப் பட்டியலில் யுஎஸ்பி போர்ட் கண் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு மாலை நேரம் போகும். போகட்டும்.

ஃபெரைட் போட்டபின்பும் அது தோற்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் மேலே கட்ட வேண்டும். ரிக்கின் மெனுவில் டைம்-அவுட் டைமர் இருக்கும். மிகக் குறைந்த அளவுக்கு, பொதுவாக 3 நிமிடத்துக்கு, வையுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சில ரிக்குகளில் அந்த டைமர் மைக் பொத்தானுக்கு மட்டும் பொருந்தும், சிலவற்றில் கம்ப்யூட்டர் கட்டளைக்கு மட்டும். கையேட்டைப் படித்து விட்டுவிடாமல், டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக விழுங்கும் கருவி) மாட்டி நீங்கள் டிரான்ஸ்மிட் செய்யும் அதே வழியில் செய்து, கடிகாரத்தைப் பிடித்துச் சோதியுங்கள்.

அதற்கும் மேலே மின்சாரம். ரிக்குக்கு 13.8 வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளையின் மின்பிளக்கில் ஒரு ரிலேயோ ஸ்மார்ட் பிளக்கோ வையுங்கள். இது அந்த லேப்டாப்பை நம்பி இருக்கக் கூடாது. லேப்டாப் உறைந்துபோகும் நாளுக்காகத்தானே இதை வைக்கிறோம். முடிந்தால் ரவுட்டரையும் நம்பக் கூடாது: மொபைல் டேட்டா சிம் போட்ட தனி இணைப்பு, அல்லது எஸ்எம்எஸ்ஸில் இயங்கும் ரிலே. இன்னும் நல்லது, ஒவ்வொரு நிமிடமும் உங்களிடமிருந்து "இருக்கிறேன்" என்ற சைகை வராவிட்டால் தானே அணைந்துகொள்ளும் ரிலே. மின்தடை வந்து போனபின் பிளக் எந்த நிலையில் எழுந்திருக்கும் என்பதையும் பாருங்கள். பல ஸ்மார்ட் பிளக்குகளில் அதற்கு ஓர் அமைப்பு உண்டு; "அணைந்த நிலை" என்று வையுங்கள்.

கடைசிப் பாதுகாப்பு அப்பாதான். சுவிட்சின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, ரிக்கின் முகப்பில் டிரான்ஸ்மிட் விளக்கு எது என்று காட்டிவிடுங்கள்.

சரி, இப்போது இணையம். வீட்டு வைஃபையில் ஓடுவது வெளியில் ஓடாததற்குப் பொதுவான காரணம் சிஜிநாட். ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை அது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இணையப் பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினாலோ, வெளியே ஒரு இணையதளம் காட்டும் உங்கள் முகவரியோடு ஒத்துப்போகாவிட்டாலோ, நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டரை எட்டுவதற்கு முன்பே நிறுவனத்தின் கருவியில் நின்றுவிடுகிறது.

உண்மையில் அது நல்லதே. ரிக்கைக் கட்டுப்படுத்தும் போர்ட்டை இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது. பலரும் பயன்படுத்தும் ஹாம்லிப் என்ற ரிக் கட்டுப்பாட்டு மென்பொருளின் ரிக்சிடிஎல்டி சேவை 4532ஆம் போர்ட்டில் காத்திருக்கும். வழக்கமான அமைப்பில் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் யார் சொன்னாலும் டிரான்ஸ்மிட் செய்யும். உங்கள் கால் சைனில் (அழைப்புக்குறியில்), உங்கள் பொறுப்பில். அதனால் திறந்த போர்ட்டுகளை எல்லாம் மூடிவிட்டு, விபிஎன் (இணையத்துக்குள் உங்களுக்கு மட்டுமான தனிப் பாதை) ஒன்றை நடுவில் வையுங்கள். டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்றவை இரண்டு பக்கத்திலிருந்தும் வெளியே நோக்கி அழைத்து நடுவில் கைகோத்துக்கொள்வதால் சிஜிநாட் அவற்றைத் தடுப்பதில்லை. லேப்டாப்பிலும் உங்கள் கையிலிருக்கும் கம்ப்யூட்டரிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போலப் பேசிக்கொள்ளும். டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் அதே 100.64 தொகுதியில்தான் இருக்கும். சிஜிநாட் முகவரியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வயர்கார்டு என்ற விபிஎன்னை நேரடியாக அமைக்க ஆசையிருந்தால், பொது முகவரியுள்ள ஒரு சிறிய வாடகை சர்வரை நடுவில் வைத்து, வீட்டுப் பக்கத்தில் 25 விநாடிக்கு ஒரு முறை உயிர்ச்சைகை அனுப்பும்படி வைக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும். முதல்முறை அமைப்பவருக்கு டெயில்ஸ்கேல் போதும் என்றே சொல்வேன்.

குரல் பிந்துவதற்கு இணைய வேகம் காரணமில்லை. எஸ்எஸ்பியில் குரலின் அகலமே மூன்று கிலோஹெர்ட்ஸுக்குள்தான். ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் நொடிக்கு 32 கிலோபிட் இருந்தால் தாராளம். ரிமோட் டெஸ்க்டாப் செயலிகள் திரைக்காக எழுதப்பட்டவை. ஒலியைப் பெரிய பெரிய துண்டுகளாகச் சேர்த்துவைத்து அனுப்புகின்றன. தொலைபேசிக்கு ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வகுத்த ஜி.114 பரிந்துரை ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது. 400ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ரேடியோவில் ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுவதால் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கலாம். ஆனால் ஒரு விநாடி என்றால் கூட்டமான அலைவரிசையில் உங்கள் அழைப்பு எப்போதும் மற்றவர் மேல்தான் விழும். அதனால் ஒலிக்குத் தனி வழி வேண்டும். ஐகாம் நிறுவனத்தின் ரிக் என்றால் டபிள்யூஎஃப்வியூ என்ற திறந்த மென்பொருளை இரண்டு பக்கமும் போடுங்கள். யுஎஸ்பி மட்டும் உள்ள ரிக்கிலும் கட்டுப்பாடு, ஒலி இரண்டையும் அதுவே சுமக்கும். வேறு ரிக் என்றால் கட்டுப்பாட்டுக்கு ஹாம்லிப் அல்லது எஃப்எல்ரிக், ஒலிக்கு மம்புள் என்ற குரல் உரையாடல் மென்பொருள். இரண்டு பக்கமும் ஈதர்நெட் கேபிள் போட்டால் துண்டு துண்டாக வெட்டும் குரல் பாதி அடங்கும். வைஃபையில் சராசரி வேகம் நன்றாக இருந்தாலும் பாக்கெட்டுகள் சீராக வந்து சேர்வதில்லை.

வாக்ஸை (சத்தம் கேட்டதும் தானே டிரான்ஸ்மிட் ஆகும் வசதி) தொடவே தொடாதீர்கள். தூரத்திலிருந்து வரும் எந்தச் சத்தமும் ரிக்கைத் தூக்கிவிடும். லேப்டாப்பின் பொதுவான ஒலிக்கருவியாக ரிக்கின் யுஎஸ்பி ஒலி அட்டையை வைக்காதீர்கள். விண்டோஸின் மணிச்சத்தம் காற்றில் போகும். ஒரு முறை பக்கத்து நிலையம் ஒன்றின் எஸ்எஸ்பியில் "புதிய மின்னஞ்சல்" மணியைக் கேட்டிருக்கிறேன். அனுப்பியவருக்கு அது தெரியவே தெரியாது. ஒலி மேம்பாடு, தானியங்கி அளவு என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இன்னொன்று: சில மென்பொருள்கள் சீரியல் போர்ட்டைத் திறந்தவுடனேயே ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற சைகைக் கம்பிகளை உயர்த்திவிடும். பிடிடி (டிரான்ஸ்மிட்டை இயக்கும் சுவிட்ச்) அந்தக் கம்பியில் இருந்தால் லேப்டாப் எழும்போதே ரிக் டிரான்ஸ்மிட் ஆகும். பிடிடியைச் சிஏடி கட்டளையில் (கம்ப்யூட்டர் ரிக்குக்கு அனுப்பும் கட்டளை) வையுங்கள்.

எஃப்டி8 உங்களுக்கு விருப்பம் என்றால் ஒலியை அனுப்பவே வேண்டாம். எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை அங்கேயே லேப்டாப்பில் ஓட்டி, திரையை மட்டும் பாருங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பே போதும். 15 விநாடிக் கட்டங்களில் ஓடும் முறை என்பதால் அங்குள்ள லேப்டாப்பின் கடிகாரம்தான் சரியாக இருக்க வேண்டும். உங்கள் பக்கத் தாமதம் அதைப் பாதிக்காது. மென்பொருளில் டிரான்ஸ்மிட் வாட்ச்டாக் உண்டு, அதை அணைக்காதீர்கள். சக்தியை 30, 40 வாட்டில் நிறுத்துங்கள். சிடபிள்யூவுக்கு (மோர்ஸுக்கு) பேடிலின் (மோர்ஸ் தட்டும் சாவி) தட்டல்களை இணையத்தில் அனுப்ப முயன்றால் புள்ளியும் கோடும் கலைந்துவிடும். எழுத்துகளை அனுப்பி, ரிக்கின் கீயரே மோர்ஸாக அடிக்கும்படி வையுங்கள்.

லேப்டாப் பற்றி ஒரு வார்த்தை. பல லேப்டாப்கள் மின்சாரம் போய் பேட்டரி தீர்ந்து அணைந்தால், மின்சாரம் திரும்பியதும் தானே எழுவதில்லை. ஆண்டுக்கணக்கில் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பவும் செய்யும். ஆளில்லாத அறைக்கு ராஸ்பெர்ரி பை அல்லது பயோஸில் தானியங்கித் தொடக்கம் உள்ள சிறு கம்ப்யூட்டர் நல்லது. லேப்டாப்பையே வைப்பதென்றால் தூக்க நிலையையும் யுஎஸ்பி சக்திச் சேமிப்பையும் அணைத்துவிடுங்கள்.

இடி மின்னல் நாட்களில் எந்த ரிலேயும் கையால் கழற்றிய கோஆக்ஸுக்கு ஈடாகாது. கனெக்டரைக் கழற்றவும் மாட்டவும் அப்பாவுக்குக் கற்றுக்கொடுங்கள்.

சட்டம்: தூரத்திலிருந்து இயக்க உங்கள் உரிமத்தில் இடமுண்டா என்று முதலில் பாருங்கள், நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி 97.213, கட்டுப்பாட்டு இணைப்பு கெட்டால் டிரான்ஸ்மிஷன் 3 நிமிடத்துக்குள் நிற்க ஏற்பாடு வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டில் அப்படி எழுதியிருக்காவிட்டாலும் அந்த 3 நிமிடத்தையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். டிஎக்ஸ்சிசி (எத்தனை நாடுகளோடு பேசினீர்கள் என்று எண்ணும் விருது) கணக்குக்கும் டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடம்தான் செல்லும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமல்ல.

எல்லாம் அமைத்தபின் அங்கே போய் ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை மாட்டுங்கள். மொபைல் டேட்டா வழியாக உள்ளே நுழைந்து, குறைந்த சக்தியில் டிரான்ஸ்மிட் செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டில் இருக்கும்போதே ரவுட்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரிக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நேரத்தை எண்ணுங்கள். அடுத்த முறை யுஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். மூன்றாம் முறை லேப்டாப்பை உறைய வைத்தது போல, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். மூன்று முறையும் அந்த விளக்கு யார் கையும் படாமல் 3 நிமிடத்துக்குள் அணைந்தால், டம்மி லோடைக் கழற்றி டைபோலை மாட்டிவிட்டு வாருங்கள்.