ஐந்து விரலைக் காட்டினேன், அதிகாரி ஏன் கொதித்தார்?

தூத்துக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: ‘கிரேக்கக் கம்பெனியின் சரக்குக் கப்பலில் ஆயிலராக, அதாவது இன்ஜினுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்கும் வேலையில், சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்ஜின் ரூம் இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். போன வாரம் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். செகண்ட் இன்ஜினியர் கிரேக்கர். தன் கைக்கடிகாரத்தைத் தட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஐந்து நிமிடம் என்று கையை விரித்து நீட்டினேன். முகம் சிவந்து ஏதோ கத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?’

நீங்கள் காட்டியது ஐந்து. அவர் கண்ணில் பட்டது ‘மூட்ஸா’. ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையை எதிராளியின் முகத்துக்கு நேராக நீட்டுவதற்குக் கிரேக்கர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அங்கே காலங்காலமாக இருந்துவரும் வசவு இது. நீட்டும்போது கூடவே ‘நா!’ என்பார்கள். நம் ‘இந்தா, பிடி!’ மாதிரி. கோபம் இன்னும் அதிகமானால் ஒரு கையின் பின்புறத்தில் மறு உள்ளங்கையை அறைந்து, பத்து விரலாகக் கொடுப்பார்கள்.

இதற்குச் சொல்லப்படும் கதை நமக்கு அந்நியமானதல்ல. பைசாந்தியப் பேரரசுக் காலத்தில் குற்றவாளியைக் கழுதைமேல் திருப்பி உட்காரவைத்து, முகத்தில் கரியைப் பூசி ஊர்வலம் விடுவார்களாம். கரியை அள்ளிய கை விரிந்து முகத்தில் அப்பும் அல்லவா, அந்தக் கைதான் மூட்ஸா. நம்மூரில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றிய அதே கதை. கரியும் கழுதையும் போய்விட்டன, கை மட்டும் மிச்சம். 2011இல் அரசின் சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்து ஏதென்ஸின் சிந்தாக்மா சதுக்கத்தில் திரண்ட கூட்டம், நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்த்து மொத்தமாகக் கையை விரித்தது. தெரியாதவர் அந்தக் காட்சியைப் பார்த்தால் ஆசீர்வாதம் செய்கிறார்கள் என்றே நினைப்பார். முருகனின் அபய கரத்தைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம், நமக்கு எங்கே இது தோன்றும்!

பல நாட்டு ஆட்களோடு வேலை பார்க்கிற அதிகாரிக்கு இந்தியர்கள் ஐந்தை இப்படித்தான் காட்டுவார்கள் என்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்திருக்கலாம். ஆனால் ஒருவர் நம் எதிரே செருப்பைக் கையில் எடுக்கிறார் என்று வையுங்கள். உள்ளே புகுந்த கல்லைத் தட்டத்தான் எடுத்தார் என்று புரிவதற்குள் நமக்கு ரத்தம் ஏறிவிடும். அந்த மாதிரிதான் இதுவும். அதிலும் உங்கள் கை அவர் முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போனதோ, அவ்வளவுக்கு அடியும் பலம்.

சரி, இப்போது என்ன செய்வது? இரைச்சல் இல்லாத இடத்தில், கன்ட்ரோல் ரூமிலோ மெஸ்ஸிலோ, அவர் தனியாக இருக்கும்போது போங்கள். ‘சிக்னோமி’ என்றால் கிரேக்கத்தில் மன்னிக்கவும். அதைச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் காட்டி ‘ஃபைவ் மினிட்ஸ்’ என்று விளக்குங்கள். நடந்ததை நடித்துக் காட்டுகிறேன் என்று மறுபடியும் கையை விரித்துவிடாதீர்கள்! பெரும்பாலும் சிரித்துவிடுவார்.

இனி அவரிடம் ஐந்து என்று காட்ட, உள்ளங்கை உங்களைப் பார்த்து இருக்கட்டும், கை நெஞ்சுக்கு அருகில் இருக்கட்டும். ‘நில்’ என்பதற்கும் டாட்டா காட்டுவதற்கும் விரல்களைச் சேர்த்து வையுங்கள். விரிந்த விரலும் நீட்டிய கையும் சேர்ந்தால்தான் மூட்ஸா.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. கிரேக்கருக்காகப் பழகிய இந்தப் பழக்கத்தோடு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் ‘இரண்டு’ காட்டிவிடாதீர்கள். உள்ளங்கை உங்கள் பக்கம் திரும்பியிருக்க, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நிமிர்த்தினால் அங்கே அசிங்கமான வசவு. 1992இல் ஆஸ்திரேலியா போன அமெரிக்க அதிபர் புஷ், மூத்தவர், கார் ஜன்னல் வழியாக வெற்றிச் சின்னம் காட்டுவதாக நினைத்து இதைத்தான் காட்டினார். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. அங்கே உள்ளங்கை எதிராளியைப் பார்க்க வேண்டும், கிரேக்கருக்கு நேர் தலைகீழ்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டும் ‘ஓகே’யைப் பிரேசிலிலும் துருக்கியிலும் விட்டுவிடுங்கள், இரண்டு இடத்திலும் ஆபாசம். ஈரானில் பழைய தலைமுறையிடம் கட்டைவிரலை உயர்த்துவதும் அப்படியே. டெக்கில் கிரேன்காரருக்குக் காட்டும் சிக்னல்களுக்கு மட்டும் பயப்பட வேண்டாம், அவற்றை எல்லா நாட்டுக்காரரும் வேலை மொழியாகவே பார்ப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கோபத்தைவிட ஆபத்து இதில்தான். நாம் ‘என்ன?’ என்று கேட்க முகவாயை மேலே தூக்குவோம். கிரேக்கர் தலையை அப்படி மேலே தூக்கி, புருவத்தை உயர்த்தி, நாக்கால் ‘ட்ஸ்’ கொட்டினால் ‘இல்லை’ என்று அர்த்தம். அவர்கள் மொழியில் ‘நே’ என்றால் ஆமாம், ‘ஓஹி’ என்றால் இல்லை. இயர்மஃப் மாட்டிய காதில் ‘ஓஹி’ கிட்டத்தட்ட ‘ஓகே’ மாதிரியே விழும். அவர் வாயசைவை நம்பி வால்வைத் திருப்பிவிடாதீர்கள், பக்கத்தில் போய் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.