அணுகல் வசதி: மனசாட்சியா, சட்டமா?

மதிப்பிற்குரிய ஐயா,

எல்லா ஊடகங்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நோக்கம் நல்லது. ஆனால் நான் சிறிய பதிப்பகம் நடத்துகிறவன். பெரிய நிறுவனங்களால் தாங்க முடிவது எங்களுக்குச் சுமையாகிவிடாதா? இதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுவதே முறை என்று கருதுகிறேன்.

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வருபவை அனைத்தும் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. திரையில் நடப்பதைக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்பு, சைகை மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் ஆகியவற்றையும் அது குறிப்பிட்டே சொல்கிறது. ஆனால் 2017இல் வந்த விதிகள், கட்டாயமாக இருக்க வேண்டிய தரநிலைகளை வழிகாட்டுதல்களின் நிலைக்கு இறக்கிவிட்டன. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி அணுகல் வசதி கோரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அந்த விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயத் தரநிலைகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. மனசாட்சிக்கு விட்டுவைத்ததன் விலை, ஒரு குடிமகனின் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காத்திருப்பு.

அமெரிக்காவில் சப்டைட்டில் பார்க்க விரும்பிய காது கேளாதோர் ஒரு காலத்தில் அதற்கெனத் தனிக் கருவி வாங்க வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் குறைவு என்பதால் நிகழ்ச்சிகள் பெருகவில்லை. நிகழ்ச்சிகள் பெருகாததால் வாங்குவோரும் பெருகவில்லை. 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டும் என்று 1990இல் இயற்றிய சட்டம், 1993இல் நடைமுறைக்கு வந்து, சந்தை தானாக அவிழ்க்காத அந்த முடிச்சை அவிழ்த்தது.

உங்கள் தொழிலுக்கு வருகிறேன். என் ஆதங்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்ற வாசகரின் கணினியில் உள்ள திரைவாசிப்பான் என்னும் மென்பொருள், பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற வரிசைதான். ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம். அதனால்தான் தன்னார்வலர்கள் இன்றும் நூல்களை மறுபடி தட்டச்சு செய்கிறார்கள், வாசித்துப் பதிவு செய்கிறார்கள். அதிலும் பாடநூல்களுக்கும் தேர்வு நூல்களுக்கும் கிடைக்கும் அக்கறை கவிதைக்கும் துப்பறியும் கதைக்கும் கிடைப்பதில்லை. விருப்பத்துக்கு வாசிக்கும் உரிமை பார்வையற்றவர்களுக்கு இல்லையா?

காப்புரிமையும் தடையில்லை. அணுகத்தக்க படிகளை அனுமதியின்றி உருவாக்க 2012ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்தது. பார்வையற்றோருக்கு நூல்கள் அணுகத்தக்க வடிவில் கிடைக்க வழிசெய்யும் சர்வதேச மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான்.

சுமை பற்றிய உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. சிறிய பதிப்பகங்களுக்குக் கூடுதல் கால அவகாசம் வேண்டும். பழைய நூல்களை மாற்றும் செலவை அரசு ஏற்க வேண்டும். இனி வரும் நூல்களுக்கு அந்தச் சலுகை தேவையில்லை. தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்து, அச்சுக்குப் போகும் கோப்போடு மின்னூல் வடிவம் ஒன்றையும் எடுத்து வைப்பது, உங்கள் பக்க வடிவமைப்பாளருக்குச் சிறிதளவு கூடுதல் வேலை மட்டுமே. அடுத்த நூலை வெளியிடும் முன் திரைவாசிப்பானில் படிக்கும் ஒருவரிடம் அந்தக் கோப்பைக் கொடுத்துச் சரிபார்த்துப் பாருங்கள். எவ்வளவு செலவானது என்று எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.