ஆமையை முந்த முடியுமா? எலியா சீனோ கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவர் தெற்கு இத்தாலியில் கிரேக்கர் குடியேறிய எலியாவின் சீனோ, தத்துவஞானி, கி.மு. 5ஆம் நூற்றாண்டு. மனக் கலக்கமின்றி வாழச் சொல்லும் ஸ்டோயிக் தத்துவத்தின் சீனோ வேறு ஆள், சைப்ரஸ்காரர்.

கே: கிரேக்கக் காவியத்தின் வேகக்கார வீரன் அக்கிலீஸ், முன்னே கிளம்பிய ஆமையைப் பிடிக்கவே முடியாதென்றவர் ஓட்டப்பந்தயமே பார்த்ததில்லையா?

ப: பிடிப்பான் என்று அவருக்கும் தெரியும். உள்ளது ஒன்றே, அசைவு வெறும் தோற்றம் என்றார் குரு பார்மெனிடீஸ். ஊர் சிரித்தது. "நீங்கள் நம்புவது இதைவிடச் சிரிப்பு" என்று காட்டக் கிளம்பினார் சிஷ்யர். ஆமை 100 மீட்டர் முன்னே. அக்கிலீஸ் அங்கே போவதற்குள் அது 10 மீட்டர் நகரும். அதைக் கடப்பதற்குள் இன்னும் 1 மீட்டர். இடைவெளி குறையும், தீராது.

கே: நான் கணக்கு வாத்தியார். 100+10+1+… கூட்டினால் 111.11 மீட்டர். கதை முடிந்தது.

ப: எங்கே பிடிப்பான் என்பதற்கு அது சரியான விடை. கடைசிப் படியே இல்லாத ஓட்டத்தை எப்படி முடித்தான் என்பதல்லவா கேள்வி?

கே: எழுந்து நடந்து காட்டினால் போதாதா?

ப: கிரேக்கத் தத்துவஞானி டயோஜனீஸ் அப்படிச் செய்ததாகக் கதை உண்டு. கண்ணை நம்பலாமா என்று கேட்பவரிடம் கண்ணையே சாட்சிக்குக் கூப்பிடுவதா?

கே: ஆமை ஏன், முயல் கூடாதா?

ப: அரிஸ்டாட்டில் எழுதியதில் ஆமையே இல்லை, 'மிக மெதுவாக ஓடுபவர்' மட்டும்தான். ஆமையின் பெயர் பிற்கால உரையாசிரியர்களிடம்தான் வருகிறது. ஆமை புகுந்த வீடு என்னாகும் என்று நமக்குத் தெரியும்.

கே: (வாத்தியார் மறுபடியும்) கடைசிப் படி எதற்கு? கூட்டுத்தொகையின் எல்லை (கூட்டக் கூட்ட நெருங்கும் எண்) போதும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கணிதமேதை கோஷி தீர்த்துவிட்டார்.

ப: எல்லையைக் கோஷி ஒழுங்காக வரையறுத்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "கடைசிப் படி இல்லாமலும் ஒரு வேலை முடியும்" என்பது நீங்கள் ஏற்றுக்கொண்ட தத்துவம் சார், போட்ட கணக்கல்ல.

கே: மன அழுத்தத்துக்கு சீனோ என்ன சொல்கிறார்?

ப: சைப்ரஸில் விசாரியுங்கள்.

கே: குவாண்டம் சீனோ?

ப: ஓயாமல் அளந்துகொண்டே இருந்தால் துகள் நிலை மாறாது என்ற விளைவு. 1977இல் பெயர் வைத்த இருவரில் ஒருவரான இயற்பியலாளர் சுதர்சன், சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்தவர்.

கே: நடந்து காட்டினால்…

ப: மேலே பாருங்கள்.

கே: (வாத்தியார்) அப்போது அக்கிலீஸ் பிடித்தானா இல்லையா?

ப: 111.11 மீட்டரில் பிடித்தான். நீங்கள்தானே சொன்னீர்கள்!

கே: சீனோவின் முடிவு?

ப: கொடுங்கோலனுக்கு எதிராகச் சதி செய்து மாட்டிக்கொண்டாராம். காதில் ரகசியம் சொல்கிறேன் என்று அவனை அருகே அழைத்து, நிஜமாகவே காதைக் கடித்துவிட்டாராம். இடைவெளி அங்கே தீர்ந்திருக்கிறது. வாத்தியார் குறித்துக்கொள்ளலாம்.